ஊசி வேலை செய்ததா என்று யார் பார்த்தது? தாமஸ் ஃபிரான்சிஸும் ஃப்ளூ தடுப்பூசியும்

அனைவருக்கும் வணக்கம்.

ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி எங்கே பேசப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஊசி போட்டும் காய்ச்சல் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு அந்த ஊசி?" கேட்பவர் முகத்தில் கொஞ்சம் கோபமும் இருக்கும். அது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலியோ தடுப்பூசி என்றதும் ஜோனஸ் சால்க் பெயர் நினைவுக்கு வரும். அந்த சால்க்கின் குரு இவர். ஃப்ளூ தடுப்பூசியை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர். நான் இவரை மதிப்பதற்குக் காரணம் வேறு. தான் செய்த ஊசி வேலை செய்ததா இல்லையா என்று ஆள் வைத்துக் கணக்கெடுத்தார். வேலை செய்யாத வருடத்தில் அதையும் ஊரறியச் சொன்னார்.

1900-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கேஸ் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1918-இல் உலகத்தையே புரட்டிப்போட்ட ஃப்ளூவுக்கு எந்தக் கிருமி காரணம் என்பதே அப்போது உறுதியாகத் தெரியாது. ஏதோ பாக்டீரியா என்றே பலர் நம்பினார்கள். 1933-இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதரின் ஃப்ளூ வைரஸை ஃபெரெட் என்ற சிறு விலங்குக்குத் தொற்றவைத்துப் பிரித்தெடுத்தார்கள். நோயுற்ற ஃபெரெட் ஒன்று ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவருக்கே ஃப்ளூ வந்தது.

அடுத்த வருடம் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஃப்ளூ பரவியபோது அங்கிருந்து வந்த மாதிரிகளிலிருந்து ஃபிரான்சிஸ் ஒரு வைரஸைப் பிரித்தார். பெயர் பி.ஆர்.8. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் முட்டையில் வளர்க்கும் ஃப்ளூ தடுப்பூசிக்கு விதை வைரஸ் தயாரிக்கும்போது, அந்த வருடத்துப் புது வைரஸின் மேற்பரப்புப் புரதங்களோடு பி.ஆர்.8-இன் உள்மரபணுக்களைத்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அது முட்டையில் அவ்வளவு செழிப்பாக வளரும். 1940-இல் இன்னொரு வைரஸ் கிடைத்தது. முந்தையதற்கு எதிராக உடம்பில் உருவாகும் எதிர்ப்பு இதைத் தடுக்காது. முந்தைய வகைக்கு ஏ என்றும் இதற்கு இன்ஃப்ளூயன்சா பி என்றும் பெயர்.

1941-இல் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு, ஆன் ஆர்பர் நகருக்குப் போனார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. முதல் உலகப்போரின்போது ஃப்ளூவிலும் அதைத் தொடர்ந்த நிமோனியாவிலும் சுமார் 45,000 வீரர்களை இழந்த அமெரிக்க ராணுவம், அது மறுபடி நடந்துவிடக் கூடாது என்று பயந்தது. ஃப்ளூவுக்காக ஒரு குழு அமைத்து அதன் தலைமையை ஃபிரான்சிஸிடம் கொடுத்தது. அடுத்த வருடம் இளம் மருத்துவர் சால்க் அங்கே வந்து சேர்ந்தார்.

கரு வளரும் கோழிமுட்டைக்குள் வைரஸை வளர்த்து, அந்த நீரை எடுத்துச் செறிவாக்கி, ஃபார்மலினால் வைரஸைக் கொன்று ஊசி மருந்து செய்தார்கள். 1943 இலையுதிர் காலத்தில் பல பல்கலைக்கழகங்களில் பயிற்சியில் இருந்த ராணுவ மாணவர்கள் சுமார் 12,500 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். சில வாரங்களிலேயே ஃப்ளூ ஏ நாடு முழுக்கப் பரவியது. நோயுற்றவர்கள் வெற்றூசி போட்டவர்களில் 7.11 சதவீதம், தடுப்பூசி போட்டவர்களில் 2.22 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ராணுவம் தன் வீரர்கள் எல்லோருக்கும் போட முடிவு செய்தது.

சரி, இத்தோடு கதை முடிந்திருந்தால் அவர் வெற்றி பெற்ற விஞ்ஞானி, அவ்வளவுதான்.

1947 வசந்த காலத்தில் மறுபடி ஃப்ளூ வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டிருந்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போடவில்லை. கணக்குப் பார்த்தபோது போட்டவர்களில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல், போடாதவர்களில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல் நோயுற்றிருந்தார்கள். அதாவது, ஊசியால் பயன் இல்லை என்றே சொல்லலாம். தயாரிப்பில் கோளாறா? இல்லை. ஊசி போட்டவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், நன்றாகவே உருவாகியிருந்தது, ஆனால் பழைய வைரஸுக்கு எதிராக. அந்த வருடம் வந்த வைரஸ் ஆள் மாறி வந்திருந்தது. நியூஜெர்சியின் ஃபோர்ட் மான்மத் முகாமில் கிடைத்ததால் அதற்கு எஃப்.எம்.1 என்று பெயர். ஃபிரான்சிஸ், சால்க், குவில்லிகன் மூவரும் அந்த வருடமே எண்களோடு கட்டுரை எழுதி வெளியிட்டுவிட்டார்கள்.

அவர் எழுதியவற்றில் இந்தக் கட்டுரையைத்தான் நான் மேலே வைப்பேன். நான்கு வருடத்துக்கு முன் உலகமே பாராட்டிய தன் ஊசி தோற்றது என்று தன் பெயரிலேயே எழுதுகிறார். ஃப்ளூ தடுப்பூசியை ஒருமுறை செய்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது, வைரஸ் எங்கே எப்படி மாறுகிறது என்று உலகம் முழுக்கக் கண் வைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை 1947 சொல்லிக்கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூ மையங்கள் அந்தக் காலகட்டத்தில்தான் பல நாடுகளில் தொடங்கின. அவற்றில் ஒன்று நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ராஜுலா கப்பலில் ஆசிய ஃப்ளூ வந்து இறங்கியது. மலாயா போய்வந்த குடும்பங்களின் பெரியவர்களுக்கு ராஜுலா என்ற பெயர் நினைவிருக்கும். அடுத்த சில மாதங்களில் இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். குன்னூர்க்காரர்கள் ஆராய்ந்தது அந்த வைரஸைத்தான்.

இப்போது போலியோவுக்கு வருகிறேன். ஃப்ளூ பேச்சில் போலியோ எதற்கு என்று நினைக்க வேண்டாம். தடுப்பூசியை நியாயமாக அளப்பது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1954-இல் சால்க்கின் போலியோ ஊசியைக் குழந்தைகளிடம் சோதிக்க வேண்டும். சால்க் தன் சீடர் என்பது தெரிந்தும் சோதனையை மதிப்பிடும் பொறுப்பு ஃபிரான்சிஸிடம் வந்தது. அவர் கையில் எண்கள் வளையாது என்ற நம்பிக்கைதான். பணம் கொடுத்த அறக்கட்டளையின் திட்டம் எளிமையானது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவோம், ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிடுவோம். பிள்ளைகளுக்குப் போலி ஊசி போடுவதில் சால்க்குக்கே உடன்பாடு இல்லை. ஃபிரான்சிஸ் விடவில்லை. கடைசியில் இரண்டு முறையும் நடந்தது. சில மாநிலங்களில் வகுப்பு வாரியாக ஒப்பீடு. வேறு சில மாநிலங்களில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெற்றூசி, எந்தக் குப்பியில் எது என்று போடும் டாக்டருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. மொத்தம் 18 லட்சம் பிள்ளைகள்.

வெற்றூசி முறை நடந்த இடங்களின் கணக்கைப் பாருங்கள். லட்சம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் போலியோ வந்தது? தடுப்பூசி போட்டவர்களில் 28. வெற்றூசி போட்டவர்களில் 71. இது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு: பெற்றோர் சம்மதிக்காததால் எந்த ஊசியும் போடாத பிள்ளைகள். அவர்களில் எத்தனை? 46.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெற்றூசி என்றால் வெறும் நீர் மாதிரிதான். அதைப் போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் ஒரே அளவுதானே வர வேண்டும்? ஏன் 71-உம் 46-உம்? அந்த நீரால் கெடுதல் வரவில்லை. சம்மதித்த குடும்பங்கள் வேறு, சம்மதிக்காத குடும்பங்கள் வேறு. சம்மதித்தவர்களில் வசதியும் படிப்பும் உள்ள குடும்பங்கள் அதிகம். சுத்தமான வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே, தாய் கொடுத்த பாதுகாப்பு உடம்பில் இருக்கும்போதே, போலியோ லேசாக வந்துபோகும் வாய்ப்பு குறைவு. பிறகு பள்ளி வயதில் வந்தால் கடுமையாகத் தாக்கும். ஆக, யார் ஊசிக்குக் கை நீட்டுகிறார் என்பதே நோயின் அளவை மாற்றிவிடுகிறது. வெற்றூசிக் கூட்டம் இல்லாமல் போட்டவர், போடாதவர் என்று மட்டும் பார்த்திருந்தால் ஊசியின் பலன் குறைவாகவே தெரிந்திருக்கும்.

1955 ஏப்ரல் 12, ஆன் ஆர்பரின் ராக்கம் அரங்கத்தில் ஃபிரான்சிஸ் முடிவை அறிவித்தார். அதுவரை ஒரு எண்ணும் வெளியே கசியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அட்டவணை அட்டவணையாகப் பேசினார். வெற்றூசி வைத்து ஒப்பிட்ட இடங்களில், பக்கவாதம் உண்டாக்கும் போலியோவைத் தடுப்பதில் 80 முதல் 90 சதவீதம் பலன். பத்திரிகைகள் சால்க்கைக் கொண்டாடின. அந்த எண்ணை உலகம் நம்பியது ஃபிரான்சிஸால்.

இதே சிக்கல் ஃப்ளூவில் தலைகீழாக வந்தது. பல வருடங்களாக, ஃப்ளூ ஊசி போட்ட முதியவர்களில் குளிர்காலச் சாவு பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 2006-இல் சியாட்டிலில் லிசா ஜாக்சன் குழுவினர் ஒரு எளிய காரியம் செய்தார்கள். ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களைப் பார்த்தார்கள். ஃப்ளூவே இல்லாத அந்த மாதங்களிலும் ஊசி போட்டவர்களில் சாவு குறைவு! பருவத்தின்போது இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம். நடமாடித் தெம்பாக இருப்பவர்தான் ஊசி போட வருகிறார், படுக்கையில் கிடப்பவர் வருவதில்லை. முதியவர்களுக்கு ஊசி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அளந்த கோல் சரியில்லை என்றுதான் அர்த்தம்.

வருடா வருடம் பரிந்துரைக்கும் ஊசியை யாருக்கும் மறுத்து வெற்றூசி போடுவது சரியல்ல. அப்படியானால் எப்படி அளப்பது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டானூட்டா ஸ்கவ்ரான்ஸ்கி குழுவினர் 2000-களின் நடுவிலிருந்து ஒரு வழியைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். காய்ச்சல், இருமலோடு டாக்டரிடம் வரும் எல்லோருக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஃப்ளூ உறுதியான 100 பேரில் ஊசி போட்டவர் 20, போடாதவர் 80. ஃப்ளூ இல்லை, வேறு கிருமி என்று தெரிந்த 120 பேரில் போட்டவர் 40, போடாதவர் 80. முதல் கூட்டத்தில் விகிதம் நாலுக்கு ஒன்று, இரண்டாவதில் இரண்டுக்கு ஒன்று. பாதியாகியிருக்கிறது. எனவே பலன் 50 சதவீதம். இரண்டு கூட்டமும் டாக்டரைத் தேடி வந்தவர்களே என்பதால், யார் கை நீட்டுகிறார் என்ற சிக்கல் பெருமளவு குறைகிறது.

ஊசியில் உள்ள வைரஸும் ஊரில் பரவும் வைரஸும் பொருந்திய வருடங்களில் இந்தப் பலன் 40 முதல் 60 சதவீதம் இருக்கும். பொருந்தாத 2014–15 பருவத்தில் அமெரிக்காவில் 19 சதவீதம்தான். ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான்: வந்திருக்கலாம், உங்களைக் குறை சொல்ல முடியாது. வந்தது ஃப்ளூவாகவே இல்லாமலும் இருக்கலாம். 50 சதவீதம் என்பது வர வாய்ப்பு பாதியாகிறது என்பது, வரவே வராது என்ற வாக்குறுதி அல்ல. எனக்கு அந்தப் பாதி போதும், வருடா வருடம் போட்டுக்கொள்கிறேன்.

ஃபிரான்சிஸ் விட்டுப்போன ஒரு புதிர் இன்னும் தீரவில்லை. வெவ்வேறு வயதினரின் ரத்தத்தைச் சோதித்த அவர், ஒவ்வொருவரிடமும் தாம் சிறுவயதில் முதலில் சந்தித்த ஃப்ளூ வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளே ஓங்கி நிற்பதைக் கண்டார். பிறகு எந்த வைரஸ் வந்தாலும், எந்த ஊசி போட்டாலும், உடம்பு முதலில் அந்தப் பழைய எதிர்ப்பைத்தான் கிளப்பிவிடுகிறது. 1960-இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். 2016-இல் வந்த ஆய்வு ஒன்று பறவை ஃப்ளூ நோயாளிகளின் பிறந்த வருடத்தைப் பார்த்தது. 1968-க்கு முன் பிறந்தவர்களை ஒரு வகை அதிகம் தாக்குகிறது, பின் பிறந்தவர்களை இன்னொரு வகை. ஹாங்காங் ஃப்ளூ வந்து, குழந்தைகள் முதலில் சந்திக்கும் வைரஸ் மாறிய வருடம் அது.

அதே 1968-இல் மிச்சிகனின் டெகும்சே ஊரில் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊசி போட்டு, பக்கத்து ஏட்ரியன் ஊரோடு ஒப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு ஊசி போடாமலே டெகும்சேயில் எல்லா வயதிலும் நோய் வெகுவாகக் குறைந்தது. கட்டுரையில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆர்னால்ட் மாண்டோவும் ஃபிரான்சிஸும் சேர்ந்து கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஃபிரான்சிஸ் 1969 அக்டோபர் 1 அன்று காலமானார். மாண்டோ ஆன் ஆர்பரிலேயே இருந்து 2010 முதல் வீடு வீடாகக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தார். முந்தைய வருடமும் ஊசி போட்டவர்களுக்கு இந்த வருட ஊசியின் பலன் குறைவாகத் தெரிகிறதே என்ற கேள்வி அந்த ஆய்விலிருந்து 2013-இல் வந்தது. சில வருடங்களில் அப்படித் தெரிகிறது, சில வருடங்களில் தெரிவதில்லை. 2019 முதல் அமெரிக்க அரசின் நிதியில், பிறந்த குழந்தைகளை முதல் ஃப்ளூ வருவதற்கு முன்பிருந்தே பின்தொடரும் ஆய்வுகள் நடக்கின்றன. முதலில் வருவது ஊசியாக இருந்தால் என்ன பதிகிறது, நோயாக இருந்தால் என்ன பதிகிறது என்று அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.