ஸ்குரூஜிடம் திரும்பி வந்த சொற்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் இந்த வேளையில் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்ற சிறிய நூலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளிவந்த கதை. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸ் பிறப்பதற்குள் விற்றுத் தீர்ந்தன. அதன் பிறகு இன்றுவரை அது அச்சில் இல்லாமல் போன காலமே இல்லை.

எபெனேசர் ஸ்குரூஜ் என்ற கருமியிடம் மூன்று ஆவிகள் வருகின்றன, விடிவதற்குள் அவன் மனம் மாறிவிடுகிறது. கதைச் சுருக்கம் இவ்வளவுதான். கருமி திருந்தும் கதைகள் எந்த மொழியிலும் ஏராளம் உண்டு. அவற்றுள் இது மட்டும் ஏன் இப்படி நிலைத்தது?

அந்த ஆண்டில்தான் சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கையை டிக்கன்ஸ் படித்தார். படித்துக் கொதித்துப்போனார். அவருக்கு அது வெறும் செய்தியல்ல. கடனுக்காகத் தந்தை மார்ஷல்சீ சிறைக்குப் போனபோது, பன்னிரண்டு வயதில், காலணி மை தயாரிக்கும் பட்டறையில் டப்பாக்களுக்குத் தாள் ஒட்டியவர் அவர். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் முதலில் நினைத்தார். அதைக் கைவிட்டு, ஆண்டு முடியட்டும், இருபது மடங்கு வலுவான அடியாகக் கொடுக்கிறேன் என்றார். அக்டோபரில் தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரத்தில் எழுதி முடித்த அந்த அடிதான் இந்தக் கதை.

அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். கதையின் தொடக்கத்தில் ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு இரண்டு கனவான்கள் ஸ்குரூஜின் அலுவலகத்துக்கு வருகிறார்கள். "சிறைச்சாலைகள் இல்லையா? ஏழைவிடுதிகள் இல்லையா?" என்று கேட்கிறான் அவன். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள் என்று பதில் வருகிறது. "அப்படியானால் சாகட்டும். உபரி மக்கள்தொகையாவது குறையும்" என்கிறான். இதை அவன் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உணவைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்று எச்சரித்த பொருளாதார அறிஞர் மால்தஸின் வழிவந்த படித்தவர்கள் அன்று மேடைகளில் கண்ணியமாகச் சொல்லிவந்த வாதம் அது. உதவி வேண்டுமானால் கடும் வேலை வாங்கும் ஏழைவிடுதிக்குள் வா என்ற 1834ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். டிக்கன்ஸ் அந்த வாதத்தோடு தர்க்கம் செய்யவில்லை. ஸ்குரூஜின் வாயில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இரண்டாவது ஆவி அவனை பாப் கிராட்சிட் வீட்டுக்கு அழைத்துப் போகிறது. ஸ்குரூஜிடம் வாரம் பதினைந்து ஷில்லிங்குக்கு எழுத்தராக இருப்பவன் பாப். வீட்டில் பெரிய அடுப்பு கிடையாது, வாத்து ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வெந்து வருகிறது. புட்டிங் வெந்ததோ துணி வெளுக்கும் செப்புத் தொட்டியில். அதை வெளியே எடுக்கும்போது சலவை நாளின் வாசனை வீசுகிறது. அத்தனை பேருக்கு அது மிகச் சிறிய புட்டிங். ஆனால் அந்த வீட்டில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. வறுமையைப் பற்றி நான் படித்த பக்கங்களில் இதற்கு இணையானவை மிகக் குறைவு. இரக்கம் தேடும் ஒரு சொல்கூட இல்லாமல், கைப்பிடி உடைந்த ஒரு கோப்பையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார் டிக்கன்ஸ்.

மேசையருகே, அப்பாவை ஒட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு டைனி டிம். இந்தக் குழந்தை பிழைக்குமா என்று ஸ்குரூஜ் கேட்கிறான். அவன் அதுவரை யாரைப் பற்றியும் இப்படிக் கேட்டதில்லை. ஆவி என்ன சொல்கிறது தெரியுமா? "சாகிறவன் என்றால் சாகட்டும். உபரி மக்கள்தொகையாவது குறையும்."

ஸ்குரூஜ் தலை குனிகிறான். மூன்றாவது ஆவி அவனுடைய கல்லறையைக் காட்டுவதற்கு வெகு முன்பாகவே, அவன் மாற்றம் இங்கே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. அலுவலகத்தில் வெறும் கணக்காக இருந்த வார்த்தை, இந்த மேசையருகே ஒரு பையனின் முகத்தோடு திரும்பி வருகிறது. ஏழைகள் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது எளிது. இந்தப் பையன் என்று பேசும்போது நாக்கு தடுக்கிறது. இந்தத் தடுக்கலுக்காகத்தான் கதை இன்னும் வாழ்கிறது என்று நம்புகிறேன். மனிதர்களை உபரி என்று எண்ணும் பழக்கம் 1843உடன் முடிந்துவிடவில்லையே!

1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் டிக்கன்ஸ் இதைப் பொதுமக்களுக்கு வாசித்துக் காட்டினார். உழைக்கும் மக்களும் வந்து கேட்க வேண்டும் என்று வற்புறுத்தி, ஒரு மாலையைக் குறைந்த கட்டணத்தில் அவர்களுக்கென்றே ஒதுக்கச் செய்தார். 1870 மார்ச்சில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, லண்டனில் நடந்த கடைசி வாசிப்பிலும் இந்தக் கதை இருந்தது.

காதால் கேட்க வேண்டிய கதை இது. வீட்டில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட நினைப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். நேரம் இல்லையென்றால் சில பக்கங்களைத் தாண்டிச் செல்லுங்கள், ஆனால் முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் ஒரே இரவில் படித்துவிடுங்கள். நடுவில் நாள் விட்டால், ஸ்குரூஜ் முதலில் சொன்னது பிள்ளைகளுக்கு மறந்துபோகும். ஆவி அதையே திருப்பிச் சொல்லும்போது அவர்களுக்கு அது நினைவில் இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.