கிலோ ஓம் எண்ணைப் பார்த்து பிக்கப் வாங்காதீர்கள்!

வணக்கம் நண்பர்களே. இன்று கொஞ்சம் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பச்சை எலக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் (தந்தித் தாங்கி) பக்கம் இருக்கும் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருளை, மாற்றப் போகிறேன் என்று போன காணொளியில் சொன்னேன் அல்லவா? உடனே உங்களில் பலர் ஒரே யோசனையை அனுப்பிவிட்டீர்கள்: "16 கிலோ ஓம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சத்தம் பிய்த்துக்கொண்டு போகும்." நீங்கள் அன்பாகச் சொன்னீர்கள், அது வேறு. ஆனால் இங்கே சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு கடைக்குப் போனால் அங்கிருந்த விற்பனையாளரும் பெட்டியைத் திருப்பி அதே எண்ணைத்தான் விரலால் தட்டிக் காட்டுகிறார். காந்தம் என்ன என்று கேட்டேன். அதெல்லாம் முக்கியமில்லை என்றார்! பிக்கப் விற்பவர் காந்தம் முக்கியமில்லை என்று சொல்லலாமா?

கிலோ ஓம் என்பது சத்தத்தின் அளவு இல்லை. சுருளில் இருக்கும் செப்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். கம்பி மெலிந்தாலே அது ஏறிவிடும். பழைய ஹம்பக்கர்களில் (இரட்டைச் சுருளால் இரைச்சலை அடக்கும் பிக்கப்) இருந்த 42ஆம் எண் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43ஆம் எண் கம்பியை அதே சுற்றுகள் சுற்றிப் பாருங்கள், மின்தடை ஏறக்குறைய கால் பங்கு கூடும். சத்தம் அந்த அளவுக்கு ஏறாது. சுற்றுகளைக் கூட்டினால் சத்தம் கூடுவது உண்மைதான். ஆனால் கூடவே மேல் ஒலிகள் மங்கும். பச்சை கிட்டாரின் நோயே அதுதான். அதில் வந்த பிக்கப் 14 கிலோ ஓம், செராமிக் காந்தம். தனியாக வாசித்தால் ஆளை அடிக்கும். ஒரு முழு கார்டு (பல தந்திகள் சேர்ந்த சுரக்கூட்டு) போட்டால் எந்தத் தந்தி எது என்று தெரியாது.

இன்னொன்றும் காட்டுகிறேன். இதோ புதிய பிக்கப், மல்டிமீட்டரில் 8.1 கிலோ ஓம். இது ஏர்கான் ஓடும் இந்த அறையில். இதையே வெளியே தாழ்வாரத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளந்தேன்: 8.35! ஒரு டிகிரி சூடு ஏறினால் செப்பின் மின்தடை சுமார் 0.4 சதவீதம் ஏறும். மதிய வெயிலுக்கே நகர்ந்துவிடும் எண்ணை நம்பியா 150 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் எடுத்து வைப்பது?

நான் வாங்கியது சீமோர் டங்கன் நிறுவனத்தின் 59 என்ற ஹம்பக்கர், அல்னிகோ 5 காந்தம். இதன் மூல வடிவம் எது தெரியுமா? கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர். காப்புரிமை 1959இல்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் அடியில் ஒட்டிய 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' (காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்று) என்ற சிறு ஸ்டிக்கரால்தான் அவற்றை இன்றும் பிஏஎஃப் என்கிறோம். அவை எல்லாம் 8 கிலோ ஓம் பக்கம்தான். பிறகு 1972இல் டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் வந்தது. அன்றைய ஆம்ப்களை (ஒலிபெருக்கிகளை) முறுக்கிவிட அப்படிச் சத்தம் கூடிய ஒரு பிக்கப் தேவைப்பட்டது. இன்று என் மேசையில் இருக்கும் சின்ன ஆம்பிலேயே தேவைக்கு மேல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கிடக்கிறது. பிக்கப்பிடம் நான் கேட்பது தெளிவு ஒன்றுதான்.

ஹம்பக்கர் அளவில் வரும் பி-90 என்ற பிக்கப் வகை எனக்கு உயிர். ஆனால் அது ஒற்றைச் சுருள், என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எந்த விளக்கைப் போட்டாலும் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாம்.

டங்கன் 59இன் விலையைச் சொல்ல மறந்துவிட்டேன்! வேறொரு கடையில் 165 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேர்ந்து 178 வெள்ளி ஆகியிருக்கும். 13 வெள்ளி மிச்சம், அதுவும் கையோடு!

இனி பாட் கதை, அதாவது குமிழுக்கு அடியில் இருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர். இதைச் சொல்லாமல் விடவே மாட்டேன். ஹம்பக்கருக்கு 500கே (500 கிலோ ஓம்) வால்யூம் பாட் இருக்க வேண்டும். 250கே இருந்தால் மேல் ஒலியைத் தின்றுவிடும். பச்சை கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே 250கே! தொழிற்சாலையிலேயே அப்படிப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் புகழும் அமெரிக்க சிடிஎஸ் பாட்டை வாங்கலாம் என்றால், அதன் கழுத்துக்கு 9.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். இந்தோனேசியாவில் செய்த இந்த கிட்டாரில் இருப்பதோ 8 மில்லிமீட்டர். மரத்தை ரீமர் போட்டு அகலப்படுத்து என்கிறார்கள். மாட்டேன்! ஒரு வால்யூம் பாட்டுக்காக என் கிட்டாரின் முகத்தில் கை வைக்க மாட்டேன். அதோடு குமிழும் பொருந்தாது: சிடிஎஸ் தண்டில் 24 பற்கள், என் குமிழுக்குள் 18.

தேக்காவில் சாப்பிட்டுவிட்டு ஜாலான் புசாருக்கு நடந்தேன். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் பழைய குமிழைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. குமிழை வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தார், பின்னால் போனார், ஒரு இழுப்பறையோடு திரும்பினார். அதில் ஒரு பாட்: பெரிய உடம்பு, 8 மில்லிமீட்டர் கழுத்து, 18 பற்கள், 500கே. அவரே குமிழை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மூன்று வெள்ளி ஐம்பது காசு! வீட்டுக்கு வந்து முதலில் பாட்டை மட்டும் மாற்றிப் பழைய பிக்கப்பையே வாசித்தேன், ஒலியின் மேலிருந்த போர்வையில் பாதி விலகிவிட்டது. ஆகவே பிக்கப் வாங்கும் முன் வால்யூம் பாட்டைப் பாருங்கள், தயவுசெய்து.

ஒன்றை விட்டுவிட்டேன், கடைக்குப் போகும்போதே தெரிந்திருக்க வேண்டியது. நான்கு இணைப்புக் கம்பி வெளியே வரும் பிக்கப் வகையைக் கேட்டு வாங்குங்கள். கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் வேறு நிறுவனத்துடையது என்றால், இரண்டையும் சேர்த்துப் போடும்போது ஒலி எதிரெதிராகி மெலிந்துபோகலாம்; நான்கு கம்பி இருந்தால் அதைத் திருப்பிவிடலாம். பற்றவைக்கும் முன்பே சோதிக்கலாம்: பிக்கப்பை மல்டிமீட்டரில் மாட்டி, திருப்புளியை அதன் திருகுகள் மேல் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் அது ஒரே திசையில் போக வேண்டும். எனக்கு எதிர்த்திசையில் போனது. டங்கனில் கறுப்புதான் சிக்னல், பச்சை தரை, சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும். கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றினேன், உறையில்லாத கம்பியைத் தரையிலேயே விட்டேன், தீர்ந்தது. டிமார்சியோவில் சிக்னல் சிவப்பு. இந்த வண்ணங்களை அதற்குப் போடாதீர்கள்.

பிக்கப்பின் உயரத்துக்கு, கடைசி பிரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) தந்தியை அழுத்திக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே பிரிட்ஜ் பக்கம் 1.6, நெக் பக்கம் 2.4 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். நான் பிரிட்ஜ் பிக்கப்பை 2 வரை இறக்கிவிட்டேன், தடித்த தந்திகள் இன்னும் பிரிந்து கேட்கின்றன. இருங்கள், ஆம்பைப் போடுகிறேன். முதலில் பழைய பிக்கப்பில் பதிவு செய்த அதே கார்டு, அடுத்து இது.