பிஸ்கட் எப்போது விழுகிறது?

(நாய் வளர்ப்பவர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நாயோடு வந்திருப்பவர்களுக்கும், நாயை வீட்டில் பூட்டிவிட்டு வந்து 'இந்நேரம் எந்தச் செருப்பு போச்சோ' என்ற நினைப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாயை அடிக்காமல், மிரட்டாமல், நல்லது செய்யும்போது கைமேல் பலன் கொடுத்துப் பழக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைச் சொன்னதும் பாதிப்பேர், "நாங்களும் பிஸ்கட் போடத்தானே செய்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். போடுகிறீர்கள், சரி. எப்போது போடுகிறீர்கள்? நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரியர்க்காரர் கேட்டைத் தட்டுகிறார். நாய் குரைக்கிறது. உள்ளேயிருந்து பாட்டி, "சும்மா இருடா சாமி" என்று ஒரு மாரி பிஸ்கட்டைப் போடுகிறார். நாய் வாயை மூடுகிறது, பாட்டிக்கு நிம்மதி. நாய் போட்ட கணக்கு வேறு: குரைத்தேன், பிஸ்கட் வந்தது. அடுத்த தடவை கூரியர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கச்சேரி ஆரம்பம். சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து வருகிறார். நாய் மேலே பாய்கிறது, அவர் முன்னங்கால் இரண்டையும் பிடித்துக் கொஞ்சுகிறார். அதே அப்பா வெள்ளிக்கிழமை வெள்ளை வேட்டியில் கோயிலுக்குக் கிளம்பும்போது பாய்ந்தால், "சனியனே, தள்ளிப் போ" என்கிறார். நாய்க்கு வேட்டி தெரியுமா, வெள்ளிக்கிழமை தெரியுமா?

அப்புறம் தாத்தா. அவர் சாப்பிடும்போது எப்போதாவது ஒரு விள்ளல் தோசை மேசைக்கு அடியில் போகும். "எப்போதாவதுதானே" என்பார். சிக்கலே அந்த எப்போதாவதில்தான் இருக்கிறது. தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது ஒருநாள் நின்றுபோனால் நாய் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைப்பதை லேசில் விடாது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் பத்து முறை விழவில்லை என்று நிறுத்திவிடுகிறாரா என்ன? சரி, இன்றோடு தோசை கிடையாது என்று முடிவு செய்தால், முதல் சில நாள் நாய் முன்னைவிட அதிகமாக முனகும், காலைச் சுரண்டும். அந்த நேரத்தில் மனசு இளகி ஒரு துண்டு போட்டால், 'இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் கிடைக்கும்' என்ற பாடத்தையும் நடத்தி முடித்துவிட்டீர்கள்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1898-லேயே அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளை மரப்பெட்டியில் அடைத்து, தாழைத் தட்டித் திறந்து வெளியே வந்தால் சாப்பாடு என்று வைத்துப் பார்த்தார். பலன் கிடைத்த செயல் மறுபடி வரும் என்று கண்டார். பி. எஃப். ஸ்கின்னர் அதை எலியிலும் புறாவிலும் விரிவாகச் சோதித்தார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி அதை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, கோழிக்கும் பன்றிக்கும் வித்தை கற்றுக்கொடுத்துத் தொழிலாகவே நடத்தினார்கள். 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் டால்பின்களை இதே வழியில் பழக்கினார். நாய்களிடம் இந்த முறை பரவலாக வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான், 1980-களிலும் 90-களிலும்.

மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும் மிருகத்துக்கு இது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? என் எண்ணம் இது: டால்பினுக்குச் சங்கிலி மாட்ட முடியாது. பிடிக்கவில்லை என்றால் குளத்தின் மறுகோடிக்குப் போய்விடும். கோழியை அடித்து ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியாது. நாய்க்குக் கழுத்து வாகாக இருந்தது. இழுத்தால் வந்தது, அடித்தால் பொறுத்துக்கொண்டது. 1910-ல் ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் போலீஸ் நாய்களுக்காக எழுதிய கையேட்டில் இழுத்து உலுக்குவதற்குப் பெரிய இடம் உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் நாய்களைத் தயார் செய்தவர்கள் வழியாக அந்தப் பழக்கம் வீட்டு நாய் வரைக்கும் வந்துவிட்டது.

சரி, இப்போது கொஞ்சம் செய்து பார்ப்போம். இதோ மேடையில் நிற்பது டைகர். நாலு மாத நாட்டு நாய்க்குட்டி, இந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் வளர்கிறது. என் கையில் வேகவைத்த சிக்கன், உப்பு காரம் எதுவும் இல்லாதது, மொச்சைக்கொட்டை அளவுத் துண்டுகள். இன்னொரு கையில் திருவிழாக் கடையில் விற்குமே, அமுக்கினால் டிக் டிக் என்கிற தகரத் தவளை, அது. சிரிக்காதீர்கள். 1951-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் ஸ்கின்னரே இந்த மாதிரி ஒரு பொம்மையைத்தான் சிபாரிசு செய்தார். இப்போது கடையில் 'கிளிக்கர்' என்று விற்பதும் இதன் தம்பிதான்.

முதலில் டிக், உடனே சிக்கன். மறுபடி டிக், சிக்கன். நாய் ஒன்றும் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பாருங்கள், டிக் என்றதும் காது நிமிர்ந்து கண் என் கைக்கு வருகிறது. இனி அந்தச் சத்தம் நமக்கு ஒரு கருவி. இப்போது துண்டை அதன் மூக்கருகே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலே, கொஞ்சம் பின்பக்கமாகக் கொண்டுபோகிறேன். ரொம்ப உயரத் தூக்கினால் குதிக்கும். மூக்கு கையைத் தொடர்கிறது, தலை மேலே போகிறது, பின்பக்கம் தானாகக் கீழே இறங்குகிறது. தரையைத் தொட்ட அந்த நொடியில் டிக். அப்புறம் சிக்கன். இடுப்பைப் பிடித்து யாரும் அழுத்தவில்லை. சில தடவைக்குப் பிறகு கையில் துண்டு இல்லாமல் அதே சைகை. அதற்கும் பிறகுதான் சொல். 'சிட்' என்றாலும் சரி, 'உட்கார்' என்றாலும் சரி, வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள்.

பல வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? நாய் உட்கார்கிறது. "அட, உட்கார்ந்துட்டான்!" என்று சந்தோஷத்தோடு பையில் கையை விட்டு, பாக்கெட்டைத் தேடி, கவரைப் பிரிக்கிறோம். கவர் சத்தம் கேட்டு நாய் எழுந்து, ரெண்டு சுற்றுச் சுற்றி, மேலே பாய்கிறது. அப்போது பிஸ்கட் வாயில் விழுகிறது. எதற்கு விழுந்தது? பாய்ந்ததற்கு. ஒரு விநாடி, மிஞ்சிப்போனால் இரண்டு, அதற்குள் பலன் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் இந்தத் தவளை. கை போகத் தாமதமானாலும் சத்தம் தாமதமாகாது. தவளை இல்லாவிட்டால் வாயால் 'குட்' என்று சுருக்கமாகச் சொன்னால் போதும், எப்போதும் ஒரே தொனியில்.

இந்தக் கணக்கு தண்டனைக்கும் பொருந்தும். காலையில் சோபாவைக் கிழித்த நாயைச் சாயங்காலம் வந்து திட்டினால், அது படிக்கும் பாடம் 'அம்மா வீட்டுக்கு வந்தால் ஆபத்து' என்பதுதான். "இல்லைங்க, தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்பார்கள். 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டுப் போவார். சில தடவை நாய் அந்தத் தின்பண்டத்தைத் தின்றிருக்கும், சில தடவை தின்றிருக்காது. திரும்பி வருபவருக்குச் சொல்லப்படும் தகவல் உண்மையாகவும் இருக்கும், பொய்யாகவும் இருக்கும். காது தாழ்த்தி, பார்வையை விலக்கும் அந்தக் 'குற்ற முகம்' நாய் தின்றதா இல்லையா என்பதோடு ஒட்டவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதோடுதான் ஒட்டியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்தவர்களிடம் வீட்டில் என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது அல்லது கடிக்கப் போயிருக்கிறது. குறிப்பாக ஒன்று: உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமல் ஒரு முன்னறிவிப்பு. அதை அடித்து நிறுத்தினால் அறிவிப்பில்லாமல் கடிக்கும் நாய் கிடைக்கும்.

'நாய்க்கு நான்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கதை 1947-ல் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்கள் தலைமைக்குச் சண்டை போடுவதைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. பிறகு அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்பவரே, காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு கவனித்துவிட்டு, கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-ல் எழுதிவிட்டார். நம்மூரில் அந்தச் செய்தி இன்னும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

லஞ்சம் கொடுத்துப் பழக்குவதா என்று கேட்பவர்களும் உண்டு. துண்டை முன்னாலேயே காட்டி "வா, வா" என்று கெஞ்சினால் அது லஞ்சம். கூப்பிட்டு, வந்த பிறகு கொடுத்தால் கூலி. நன்றாகப் படிந்த பிறகு நாலு தடவைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று குறைக்கலாம். தாத்தாவின் தோசை நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். கொடுப்பதை அன்றாடச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம், மறந்தும் வேண்டாம்.

புதுக்குட்டி வாங்கியவர்கள் கவனியுங்கள். சுமார் மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுக்க இயல்பாக எடுத்துக்கொள்ளும். ஆனால் தடுப்பூசி முடிவதும் கிட்டத்தட்ட அதே சமயம்தான், அதனால் பலர் குட்டியை வெளியே காட்டுவதே இல்லை. தரையில் விட வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை, தாடி வைத்தவர், ஆட்டோ, குக்கர் விசில் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.

கடைசியாகத் தீபாவளி. ஒன்றிரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். போனில் பட்டாசுச் சத்தம் கிடைக்கும். கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைத்து வையுங்கள். சத்தம் முதலில், சிக்கன் அடுத்து. வரிசை மாறினால் சிக்கனைக் கண்டாலே பயப்படும். நாய் அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் மட்டும் அடுத்த நாள் ஒரு புள்ளி ஏற்றுங்கள். வாலை ஒடுக்கினாலோ சாப்பிட மறுத்தாலோ ஏற்றியது அதிகம், இறக்குங்கள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திய உள்ளறையில், ஃபேனும் டிவியும் ஓட, கூடவே ஒருவர் இருங்கள். நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள், அப்படி இல்லை. பயம் ஓர் உணர்ச்சி, அது தடவிக்கொடுத்து வளர்க்கும் வித்தை கிடையாது. ரொம்பப் பயப்படும் நாய்க்கு மருந்து உண்டு. அளவு பார்க்க முன்கூட்டியே ஒரு தடவை கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். அன்று கேட்டைப் பூட்டி வையுங்கள், கழுத்து பெல்ட்டில் போன் நம்பர் இருக்கட்டும். மிரண்ட நாய்க்குச் சந்து கிடைத்தால் போதும், ஓடிவிடும்.

பின்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கம்மா.