கிரீஸ் பூசிக் காத்திருந்த எந்திரங்கள்

(நாகப்பட்டினத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

உலோகத்தைக் கடையும் எந்திரமான லேத் ஒன்றைப் பெயர்த்து வேறோர் இடத்தில் ஊன்றியவர்கள் இந்த அவையில் யாரேனும் இருக்கிறீர்களா? நான் முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக் பணிமனையில் இருந்தவன். அடித்தளப் போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் உருளைகளைச் செருகி, பத்துப் பேர் தள்ளினால் எந்திரம் நகர்ந்துவிடும். அதை மறுபடி சரியாக ஓட வைப்பதில்தான் பாடு இருக்கிறது. மட்டம் சற்றே பிசகினாலும், கடையும் தண்டு ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலியும். மரையிடுவதற்கான மாற்றுப் பல்சக்கரங்களில் ஒன்று தொலைந்தால், அது வரும்வரை சில மரைகளை வெட்டவே முடியாது.

இந்த ஓர் எந்திரத்தைப் பல்லாயிரமாகப் பெருக்கிக்கொண்டு, 1945ஆம் ஆண்டு ஜப்பானை நினைத்துப் பாருங்கள். போரில் தோற்ற நாடு இழப்பீடு தர வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடம் பணமாகக் கேட்டதன் விளைவை உலகம் அறிந்திருந்தது. ஆகவே இம்முறை பொருளாக, அதிலும் தொழிற்சாலை எந்திரங்களாகவே வாங்குவது என்று முடிவானது. ஜப்பான் சரணடைய வேண்டும் என்று நேச நாடுகள் விடுத்த போட்ஸ்டாம் பிரகடனத்திலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள்.

அமெரிக்க அதிபர் ட்ரூமன் இதற்காக எட்வின் பாலி என்பவரை அனுப்பினார். கலிபோர்னிய எண்ணெய்த் தொழிலதிபர் அவர். 1945 டிசம்பரில் அவர் தந்த இடைக்கால அறிக்கையைப் படித்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ராணுவ, கடற்படை ஆயுதச் சாலைகள் முழுவதும், விமானத் தொழிற்சாலைகள் முழுவதும், பேரிங் செய்யும் ஆலைகள் முழுவதும், எந்திரக் கருவிகள் செய்யும் திறனில் பாதி, அனல் மின் நிலையங்களில் பாதி, இருபது கப்பல் கட்டும் தளங்கள், ஆண்டுக்கு 25 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எஃகு உற்பத்தித் திறன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றை ஜப்பான் நாசமாக்கிய ஆசிய நாடுகளுக்குக் கொண்டுபோய் அங்கே தொழில் வளர்க்க வேண்டும் என்றார் பாலி. தாக்கியவன் வீட்டில் இருப்பதைவிடத் தாக்கப்பட்டவன் வீட்டில் குறைவாக இருக்கக் கூடாது என்ற நியாயம் அது. அந்த நியாயத்தை நான் இன்றும் ஏற்கிறேன்.

நடைமுறையில் என்ன ஆயிற்று?

1946 தொடக்கத்திலிருந்தே டோக்கியோவில், ஜப்பானை நிர்வகித்த நேச நாட்டுத் தளபதி மெக்கார்தரின் தலைமையகம் நூற்றுக்கணக்கான ஆலைகளை இழப்பீட்டுக்கென்று குறித்துக் காவலில் வைத்தது. காவலில் வைப்பது என்றால் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வதல்ல. ஒவ்வோர் எந்திரத்தையும் கணக்கெடுத்து, துடைத்து, எண்ணெயும் கிரீஸும் பூசி, காவலாளி நிறுத்தி, கெடாமல் காக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஜப்பானிய அரசின் மீதும் ஆலைக்காரர்கள் மீதும் சுமத்தினார்கள். வட்டாரந்தோறும் இருந்த ராணுவ நிர்வாகக் குழுக்கள் வந்து சோதித்துப் போயின. பெயர்க்கும் காலம் வந்தபோது கழற்றுவது, பெட்டியடிப்பது, துறைமுகம் வரை கொண்டுபோவது எல்லாம் ஜப்பானின் செலவு. அங்கிருந்து கப்பலேற்றிச் செல்வது பெறுகிற நாட்டின் செலவு.

குண்டுவீச்சில் கூரை போன ஆலைகள் பல. ஜப்பானில் ஜூன், ஜூலை மாதங்கள் அடைமழைக் காலம். அப்படி 1946இல் ஒரு மழைக்காலம் போயிற்று, 1947இல் இன்னொன்று போயிற்று. கிரீஸ் காய்ந்து விரிசல் விட்டால் ஈரம் உள்ளே இறங்கும். லேத்தின் வழவழப்பான படுகையில் ஒரு முறை துருக்குழி விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பழைய வழவழப்பு வராது. காவலில் இருந்த எந்திரத்தைத் தன் எந்திரமாகப் பார்த்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஆலைக்காரருக்கு அது நாளை கைவிட்டுப் போகிற பொருள். பெறப்போகும் நாட்டுக்கோ அது தன்னுடையதா என்பதே தெரியாது.

ஏன் தெரியவில்லை என்றால், பங்கு பிரிக்கவே முடியவில்லை. தோற்ற ஜப்பானைப் பற்றிய கொள்கைகளை முடிவு செய்ய, வாஷிங்டனில் தூரக் கிழக்கு ஆணையம் என்று பதினொரு நாடுகள் உட்கார்ந்திருந்தன. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. யாருக்கு எத்தனை விழுக்காடு என்ற கேள்வியில் அந்த ஆணையம் கடைசிவரை உடன்பாடு காணவில்லை. சோவியத் யூனியன், சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில் ஜப்பானியர் நிறுவிய ஆலைகளை 1945இலேயே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அது போரில் கைப்பற்றிய பொருள், இழப்பீட்டுக் கணக்கில் வராது என்று அது வாதாடியது. 1946இல் பாலியே நேரில் மஞ்சூரியா போய்ப் பார்த்தார். நேரடி இழப்பு 85.8 கோடி டாலர் என்றும், மீண்டும் நிறுவும் செலவையும் பாழானவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டார். அந்த ஆலைகள் எட்டாண்டு போரில் சிதைந்த சீனாவுக்கு உரியவை என்பதுதான் இதில் என் நெஞ்சைச் சுடுகிறது.

முட்டுக்கட்டையை நீக்க 1947 ஏப்ரலில் அமெரிக்கா தானாக ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. குறித்து வைத்ததில் 30 விழுக்காட்டை முன்பணம்போல் உடனே கொடுப்பது என்பது அதன் சாரம். சீனாவுக்கு 15, பிலிப்பைன்ஸுக்கு 5, டச்சு இந்தியத் தீவுகளுக்காக (இன்றைய இந்தோனேசியா) நெதர்லாந்துக்கு 5, பர்மா, மலாயா முதலிய ஆட்சிப்பகுதிகளுக்காகப் பிரிட்டனுக்கு 5. முதல் கப்பல் 1948 ஜனவரியில்தான் யொகோசுகாவிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டது. போர் முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடங்களையும் பாருங்கள். சீனாவில் உள்நாட்டுப் போர். அடுத்த ஆண்டே எந்திரங்களைப் பெற்ற சீன அரசு தைவானுக்குப் பெயர்ந்தது. இந்தோனேசியாவில் விடுதலை கேட்டவர்களோடு டச்சுக்காரர்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரமும் ஒரு சிக்கல். ஜப்பானின் கிழக்கே மின்சாரம் நொடிக்கு 50 சைக்கிள், மேற்கே 60 சைக்கிள். ஒன்றுக்காகச் செய்த மோட்டாரை மற்றதில் ஓட்டினால் வேகம் மாறும். வரைபடம், உதிரிப் பாகம், பழகிய கை எதுவும் எந்திரத்தோடு பெட்டியில் வருவதில்லை.

அதற்குள் வாஷிங்டனின் மனம் மாறிவிட்டது. ஜப்பானுக்கு உணவு அனுப்பும் செலவை அமெரிக்கா சுமந்துகொண்டிருந்தது. பனிப்போரும் தொடங்கியிருந்தது. ஜப்பான் மீண்டும் உற்பத்தி செய்தாக வேண்டும் என்று 1948இல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த குழுக்கள் பட்டியலைச் சுருக்கின. 1949 மே 12 அன்று அமெரிக்கப் பிரதிநிதி ஃபிராங்க் மெக்காய் இனி இழப்பீட்டு எந்திரங்கள் இல்லை என்று ஆணையத்தில் அறிவித்தார். பிலிப்பைன்ஸும் சீனாவும் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. போய்ச் சேர்ந்தவை சுமார் 44,000 எந்திரங்களும் கருவிகளும். 1939 விலையில் மதிப்பு 16.5 கோடி யென்தான். அதில் பாதிக்கு மேல் சீனாவுக்குப் போனது.

ஜப்பானின் சோறு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பட்டினி கிடக்கும் மக்களிடமிருந்து பிழைக்கும் வழியைப் பிடுங்குவது கொடுமை. ஆனால் 1946இலேயே இன்னது யாருக்கு என்று முடிவு செய்திருந்தால், ஆயுதச் சாலை லேத்துகள் மணிலாவில் அன்றே ஓடியிருக்கும். ஜப்பானின் மீதி ஆலைகளும் எது போகும், எது நிற்கும் என்ற அச்சமின்றி வேலை தொடங்கியிருக்கும். அந்த மூன்று ஆண்டுத் தயக்கம் இரு தரப்பையும் வதைத்தது.

பிரிட்டன் பெற்ற பங்கில் மலாயாவின் பெயரும் இருந்தது என்றேன். மலாயா என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலாயாவுக்குப் போன ரஜூலா கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். மலாயாவின் கிழக்குக் கரைத் தண்டவாளங்களை ஜப்பானியப் படை பெயர்த்து, போர்க்காலத்தில் தான் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனது (சயாம் என்பது இன்றைய தாய்லாந்து). ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களையும் கொண்டுபோனது. அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போருக்குப் பின் அந்தப் பாதையைப் பிரிட்டன் தாய்லாந்துக்கு விற்றது. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் தன் கோரிக்கைகளையும் கைவிட்டது. 1952இல் இந்தியாவும் கைவிட்டது. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்புள்ள பொருளும் சேவையும் தர ஒப்புக்கொண்டது. இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. ரயில் பாதையில் இறந்தவர்களின் பிள்ளைகள் கைக்கு அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

பெட்டியடித்த எந்திரங்களுக்குப் பதிவேடு வைக்க டோக்கியோவில் ஓர் அலுவலகம் இயங்கியது. சயாமுக்குப் போன தோட்டத் தொழிலாளர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் இன்றுவரை இல்லை. உங்கள் வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ, பெரியப்பாவோ, அத்தையோ இருந்தால், அவர் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் போன ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வாசலருகே மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம். இன்றிரவு எத்தனை நேரமானாலும் நான் அங்கே இருக்கிறேன்.