மண்டபமா, வீட்டுப் பாயா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்!

நான்கு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஏற்றது மண்டப விருந்தா, வீட்டுத் தேநீர் விருந்தா? வீடுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி என்ன சொன்னார்? "மண்டபத்தில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நாம் போய் நின்றால் போதும்" என்றார். நிற்பதற்குப் பிள்ளை விழித்திருக்க வேண்டுமே, அம்மா! அழைப்பிதழில் மாலை 7 மணி. பெரியப்பா வரவேண்டும், ஆபீஸ் மேனேஜர் வரவேண்டும். கேக் வெட்ட எட்டரை. பிள்ளை தோளில் தூங்கியாயிற்று. தட்டியெழுப்பிக் கையில் கத்தியைத் திணித்தால் வீறிடாமல் வேறென்ன செய்யும்? போதாததற்கு ஸ்னோ ஸ்ப்ரே வேறு. அந்த டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் தீப்பிடிக்கிற வாயு. மெழுகுவர்த்திப் பக்கம் அடித்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

வீட்டில் எப்படி? மதியத் தூக்கம் முடிந்து 4 மணிக்குத் தொடங்கி, ஐந்தரைக்கு முடித்துவிடலாம். பிள்ளைகள் எட்டுப் பேர், பெரியவர்கள் மூன்று பேர். தரையில் பாய், நடுவில் முக்காலி.

"தீம் வைக்க வீட்டில் வசதி ஏது?" என்றார் இன்னொரு நண்பர். பட்டாம்பூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலூன் வளைவே வேண்டாம், தட்டிலேயே பறக்கவிடலாம். சாண்ட்விச்சை ஓரம் நீக்கி, மூலைக்கு மூலையாக இரண்டு முறை வெட்டினால் நான்கு முக்கோணம். இரண்டின் கூர்முனையைச் சேர்த்து வைத்தால் இறக்கை. நடுவே வேகவைத்த கேரட் துண்டு. பச்சைக் கேரட் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். முழுத் திராட்சையும் அப்படித்தான். நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் தரவேண்டும். பிள்ளைக்கு இரண்டு முக்கோணம் என்றால் 8 ரொட்டித் துண்டு போதும். இன்னும் கேட்பார்கள் என்று 12 வைத்துக்கொள்ளலாம். புதினாச் சட்னியைப் பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். சட்னி தடவுவதற்கு முன் ரொட்டியின் விளிம்புவரை வெண்ணெய் தடவ வேண்டும். தடவாவிட்டால் ரொட்டி சட்னித் தண்ணீரை உறிஞ்சி நொதநொதத்துவிடும். செய்து வைத்ததை ஈரத்துணியால் மூடாமல் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் வறட்டியாகும். பக்கத்தில் ஐந்து மினி இட்லியை வளைத்து அடுக்கினால் கம்பளிப்பூச்சி. பல்குச்சியால் கோக்க வேண்டாம், கண்ணில் குத்தும். கேக் அரைக் கிலோ போதும். க்ரீம் கேக் என்றால் வெட்டும்வரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் பூவெல்லாம் வழிந்துவிடும்.

"தேநீர் விருந்து என்கிறார்கள், நாலு வயதுக்குத் தேயிலையா?" என்று கிண்டலடித்தார்கள். நல்ல கேள்வி! தேயிலை கூடாதுதான். அதில் காஃபீன் இருக்கிறது, சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். அதனால் நாங்கள் ஊற்றுவது சங்குப்பூ. நீல இதழ் பத்துப் பன்னிரண்டு, அரை லிட்டர் வெந்நீர், ஐந்து நிமிடம். வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரை போட்டு, நன்றாக ஆறவைத்துச் சின்னக் கெட்டிலில் கொடுங்கள். சிறு டம்ளரில் பாதிக்கு மேல் வேண்டாம், சிந்தத்தான் செய்யும். பிள்ளையே ஊற்றி, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் ஊதாவாகும். புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் சாயம் அப்படித்தான் மாறும். எட்டு வாயும் ஒரே நேரத்தில் பிளக்கும் நடுவரே! மண்டபத்து மேஜிக் ஷோவுக்கு என்ன கூலி என்று எதிரணியைக் கேட்டுப் பாருங்கள்.

"மண்டபத்தில் இருநூறு பேர் வாழ்த்துவார்களே?" என்றார்கள். பாதிப் பேர் பிள்ளையின் பெயரைப் பந்தியில்தான் விசாரிக்கிறார்கள்! அவர்களைக் காதுகுத்துக்குக் கூப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது?

மணியடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணி நண்பர்கள் மனம் மாறி வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால், அந்த எலுமிச்சையை ரோஸ் மில்க்கில் விட்டுவிடாதீர்கள். பால் திரிந்துபோகும், பழி என் அணிமேல் விழும்.