ஒரே நாளில் 148 டொர்னாடோக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1974 ஏப்ரல் 3, புதன்கிழமை. அன்றைக்கும் மறுநாளுக்குமாக, ஏறக்குறைய 24 மணி நேரத்தில், அமெரிக்காவின் 13 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் 148 டொர்னாடோக்கள் வீசின. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 5,000-க்கும் மேல். வானிலைத் துறையினர் அந்த நாளை இன்றும் 'சூப்பர் அவுட்பிரேக்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த புயல் வேறு. அது வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகத் தோன்றி, பெயர் வாங்கி, எண் ஏற்றிய கூண்டுகளைத் துறைமுகங்களில் ஏற்ற வைத்து, நாலைந்து நாள் போக்குக் காட்டிவிட்டுத்தான் கரைக்கு வரும். பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். டொர்னாடோ ஓர் இடிமேகத்துக்குள்ளிருந்து இறங்குகிற காற்றுச் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் அகலம், சில நிமிட ஆயுள். ஒரு தெருவில் வீடுகளே இருக்காது. பக்கத்துத் தெருவில் ஓடுகூடக் கலைந்திருக்காது. அதனால்தான் 'நாளை இந்தப் பக்கம் வரும்' என்று பொதுவாகச் சொல்லலாமே தவிர, எந்தத் தெரு என்று முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது.

அன்று எல்லாம் ஒன்றுகூடி வந்தன. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறியது. அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று. வடமேற்கிலிருந்து குளிர்காற்று முன்னேறி வந்தது. உயரே ஜெட் காற்று மிக வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு திசையில் ஒரு வேகம், உயரே வேறு திசையில் வேறு வேகம் என்றால், நடுவில் அகப்பட்ட காற்று இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருளும் பென்சில் மாதிரி சுழலத் தொடங்கும். இடிமேகத்தின் மேலேறும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிடும். இப்படி மேகமே சுழன்றால் அது சூப்பர்செல். சூப்பர்செல் எல்லாமே டொர்னாடோவை இறக்குவதில்லை என்றாலும், கொடிய டொர்னாடோக்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன.

நிலைமை மோசம் என்று வானிலை அலுவலகங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் அவர்களிடம் இருந்தவை 1950-களின் ரேடார்கள். மழை எங்கே என்று காட்டும். மேகத்துக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று காட்டாது. திரையில் மழைப் படத்தின் ஓரம் கொக்கிபோல வளைந்தால், அங்கே டொர்னாடோ இருக்கலாம் என்று ஊகிக்க வேண்டியதுதான். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் 15 டொர்னாடோக்கள் வரை தரையில் இருந்தன. எது எங்கே என்று துரத்திப் பிடிக்க முடியாமல், இண்டியானா மாநிலத்தில் ஒரு கட்டத்தில் மாநிலம் முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு மாநிலத்துக்கே எச்சரிக்கை என்றால், அடுப்படியில் நிற்கும் ஓர் அம்மா அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்?

இதற்கு நேர்மாறாக ஒன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடந்தது. வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே டபிள்யூ.எச்.ஏ.எஸ். என்ற வானொலி நிலையம் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, வானிலை அலுவலகத்தின் ஜான் பர்க்கை நேரலையில் பேச வைத்தது. டிக் கில்பர்ட் என்பவர் அந்த நிலையத்துக்காக ஹெலிகாப்டரில் பறந்தபடி போக்குவரத்து நிலவரம் சொல்பவர். எந்தச் சாலையில் நெரிசல் என்று தினமும் சொன்னவர், அன்று டொர்னாடோவின் பின்னாலேயே பறந்து, அது எந்தப் பகுதியைக் கடக்கிறது என்று நேரடியாக வர்ணித்தார். நகரின் குடிநீர் நிறுவனத்தின் நீரேற்று நிலையத்தை அது தாக்கியதையும் மேலிருந்து பார்த்துச் சொன்னார். 50,000 வாட் சக்தியுள்ள இந்த நிலையம் மறுநாள் அதிகாலைவரை மாநிலத்துக்கே செய்தி சொன்னது. லூயிவில்லில் நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தும் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தோடு நின்றது. எல்லாம் அந்தக் குரலால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் பேட்டையின் பெயரைக் காதால் கேட்டவர் உடனே நிலவறைக்கு இறங்குவார். கில்பர்ட்டுக்குப் பின்னர் அதிபர் நிக்சன் பாராட்டுத் தெரிவித்தார்.

அன்று அதிகம் பேசப்பட்ட ஊர் ஓஹியோ மாநிலத்தின் ஸீனியா. மாலை சுமார் 4.40 மணி. பள்ளிக்கூடம் விட்டு நேரமாகியிருந்ததால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. இதை நினைத்து அந்த ஊரார் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் மட்டும் சில மாணவர்கள் ஓர் இசை நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொர்னாடோ வருவது கண்ணில் பட்டதும் மேடையை விட்டு நடைக்கூடத்துக்கு ஓடிப் பதுங்கினார்கள். அவர்கள் பிழைத்தார்கள். சற்று முன் அவர்கள் நின்றிருந்த மேடைமீது பள்ளிப் பேருந்துகள் வந்து விழுந்திருந்தன. ஊருக்குள் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலின் பெட்டிகள் கவிழ்ந்து தெருவை அடைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஊரில் ஏறத்தாழப் பாதி சேதம். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்து டேட்டன் நகரத் தொலைக்காட்சியில் கில் விட்னி என்பவர் ரேடார் திரையில் தெரிந்த கொக்கியைக் காட்டிச் சில நிமிடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்த வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஸீனியாவில் அன்று அபாயச் சங்கு கிடையாது. அந்த ஊரின் சிறிய நாளிதழ் இந்தப் பேரிடரைப் பதிவு செய்ததற்காக மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

கென்டக்கியில் பிராண்டன்பர்க் என்ற ஆற்றங்கரை ஊர், ஒன்டாரியோவின் வின்ட்சரில் ஒன்பது பேரைப் பலிகொண்ட விளையாட்டு மன்றம் என்று பட்டியல் நீளும். அலபாமாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். டானர் என்ற சிற்றூரை ஒரு டொர்னாடோ அடித்து, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே, சுமார் அரை மணி நேரத்தில் இன்னொன்று வந்தது. இரண்டுமே மிகக் கடுமையான ரகம். குவின் என்ற ஊரை வேறொரு டொர்னாடோ இரவில் தாக்கியது. அந்த ஊருக்குச் சோறு போட்டது மொபைல் ஹோம், அதாவது இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தும் ஆயத்த வீடு, தயாரிக்கும் தொழிற்சாலை. அதுவும் தரைமட்டமாயிற்று. வீடு போனவர்களுக்கு மறுநாள் போக வேலையும் இல்லை.

அப்புறம் ஃபுஜிட்டா வந்தார். டெட் ஃபுஜிட்டா, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர், டொர்னாடோவின் கடுமைக்கு, லேசான எஃப்-0 முதல் மிகக் கொடிய எஃப்-5 வரை, அளவுகோல் வகுத்தவர். ஜப்பானில் பிறந்தவர். 1945 ஆகஸ்டில் அமெரிக்க விமானம் இரண்டாவது அணுகுண்டோடு முதலில் போனது கொகுரா நகரத்துக்கு. அதற்கு அருகில்தான் ஃபுஜிட்டா அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இலக்கு சரியாகத் தெரியாததால் குண்டு நாகசாகிக்குப் போனது. பிறகு அங்கே ஆய்வுக்குச் சென்றவர், கல்லறைகளில் இருந்த மூங்கில் பூச்சாடிகளில் கருகிய பக்கங்களைப் பார்த்தே குண்டு எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட்டார். சேதத்தைப் பார்த்துக் காற்றைப் படிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

1974-இல் அவரும் சகாக்களும் சிறு விமானங்களில் பறந்து, 148 டொர்னாடோக்களின் பாதைகளையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் காட்டுக்கு மேலே பறக்கும்போது, மரங்கள் சுழலாக விழாமல், ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் சிதறி விழுந்திருந்ததை ஃபுஜிட்டா கவனித்தார். நாகசாகியில் பார்த்த அதே அமைப்பு. அப்படியானால் இங்கே காற்று மேலிருந்து கீழே அறைந்திருக்க வேண்டும். பலர் நம்பவில்லை. மறு ஆண்டு நியூயார்க்கில் ஒரு பயணிகள் விமானம் தரையிறங்கும்போது விழுந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, காரணம் இந்தக் கீழ்நோக்கிய காற்றுதான் என்று அவர் காட்டினார். இன்று விமான நிலையங்களில் இதைக் கண்டறிய ரேடார்கள் இருக்கின்றன.

1974 மே மாதமே பேரிடர் நிவாரணச் சட்டம் வந்தது. எச்சரிக்கைக்கென்றே இயங்கும் வானிலை வானொலி நாடெங்கும் பரவியது. 1990-களில் சுழற்சியையே காட்டும் டாப்ளர் ரேடார்கள் வந்தன. 2007 முதல் மாவட்டம் முழுவதற்கும் விடாமல், புயல் போகும் வழியை மட்டும் கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். கில்பர்ட் ஹெலிகாப்டரிலிருந்து செய்ததை இப்போது கணினி செய்கிறது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? 2011 ஏப்ரல் 27 அன்று அதே அலபாமாவையும் அண்டை மாநிலங்களையும் டொர்னாடோக்களின் இன்னொரு பெருந்தொகுதி தாக்கியது. எச்சரிக்கை பல இடங்களில் 20 நிமிடத்துக்கு முன்பே கிடைத்தும் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலையில் வீசிய முதல் புயலிலேயே லட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் போயிருந்தது. மாலை எச்சரிக்கையைக் கேட்கப் பலரிடம் வழியில்லை. கேட்டும், மொபைல் ஹோமில் இருந்தவர்களுக்கு இறங்க நிலவறை இல்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு பாதைக்கும் வரைபடம் உண்டு. நமக்கு அருகே வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று ஒரே ஒரு டொர்னாடோ சுமார் 1,300 பேரைக் கொன்றது. உலகில் தனியொரு டொர்னாடோவால் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு என்று சொல்லப்படுவது அதுதான். அந்த 1,300-ம் மதிப்பீடுதான். நம் பாடப்புத்தகங்களில் நான் அதைப் பார்த்ததில்லை.

ஸீனியாவில் 1974-க்குப் பிறகு அபாயச் சங்குகள் வைத்தார்கள். 2000 செப்டம்பர் 20 அன்று மறுபடியும் டொர்னாடோ வந்தது, ஒருவர் இறந்தார். மின்சாரம் அறுந்ததால் சில சங்குகள் ஊதவே இல்லை. அதற்கப்புறம்தான் அவற்றுக்கு பேட்டரி பொருத்தத் தொடங்கினார்கள்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.