தூண்டிவிடும் சங்கிலி

நண்பர்களே, ஹெப்பரின் ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது என்பார்கள். சரிதான். ஆனால் ஹெப்பரின் தனியாக நின்று உறைவைத் தடுப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது நம் ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம். ஹெப்பரின் அதை முடுக்கிவிடுகிறது.

1916-இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் தேடியது ரத்தத்தை உறையவைக்கும் பொருளை, கிடைத்ததோ நேர்மாறானது! 1939-இல்தான் ரத்தத்திலுள்ள ஏதோ ஒரு துணைப்பொருள் இல்லாமல் ஹெப்பரின் வேலை செய்யாது என்று தெரிந்தது.

அந்தத் துணை என்ன செய்கிறது? ஆன்டித்ராம்பின் ஓர் எலிப்பொறி. அதன் உடலிலிருந்து ஒரு வளையம் இரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் நொதி வந்து அதைக் கடிக்கும். கடித்தபின் விலக நேரம் கிடைக்காது. வெட்டுண்ட வளையம் சட்டெனப் புரதத்தின் உடலுக்குள் பாய்ந்து, ஒட்டியிருக்கும் நொதியை மறுமுனைக்கு இழுத்துப்போய் உருக்குலைத்துவிடும். எலியும் போச்சு, பொறியும் போச்சு.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பொறி மந்தமானது. வளையத்தின் ஒரு நுனி உள்ளே செருகிக் கிடக்கும். ஹெப்பரின் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதில் குறிப்பிட்ட வரிசையில் வரும் ஐந்து அலகுகள் ஆன்டித்ராம்பினில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்தியதும் செருகிய நுனி வெளியே வந்துவிடும். ரத்தம் உறைய உதவும் இன்னொரு நொதியான பத்தாம் உறைவுக் காரணியின் செயல்வடிவத்தைப் பிடிக்க இதுவே போதும். அந்த ஐந்து அலகுகளை மட்டும் செயற்கையாகச் செய்ததுதான் ஃபாண்டபாரினக்ஸ் மருந்து.

த்ராம்பினுக்கு அது போதாது. சங்கிலி குறைந்தது 18 அலகு நீளம் வேண்டும். பொறியும் எலியும் ஒரே கயிற்றைப் பற்றியாக வேண்டும். அப்போது வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. அப்புறம் ஹெப்பரின் கழன்று அடுத்த பொறியைத் தேடிப் போய்விடும். பொறிதான் செலவாகிறது, சங்கிலி அல்ல. எனக்குப் பிடித்த இடம் இது.

சிலருக்கு ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் மிகக் குறைந்துபோயிருக்கும். ஹெப்பரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் பரிசோதனையில் உறையும் நேரம் எதிர்பார்த்தபடி நீளாது. ஆன்டித்ராம்பினை ஏற்றினால், அதே ஹெப்பரின் வேலை செய்யத் தொடங்கும்.